பழைய பாய்லருக்குப் பதிலாக எது? சின்னக் குளியலறை உள்ள வீடுகளுக்கு ஒரு பாடம்



இந்த மாதப் பாடம் சேமிப்பைப் பற்றியது இல்லை, பதிவேடு எழுதுவதைப் பற்றியதும் இல்லை. வெந்நீரைப் பற்றியது. "வெந்நீர் வைக்கறதுக்குக்கூட ஒரு பாடமா?" என்று சிலர் சிரிக்கலாம். ஆனால் நம் மலைப் பகுதியில் வெந்நீர் இல்லாமல் ஒரு நாளும் ஓடாது. அந்த வெந்நீருக்காக ஒரு வீட்டில் உயிர் போகப் பார்த்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

கோத்தகிரிப் பக்கத்தில் ஒரு குழுக் கூட்டம். சேமிப்பு வசூல் முடிந்து உள்கடன் பேச்சு வந்தது. ஒரு அக்கா எழுந்து, "எனக்கு ஒன்பதாயிரம் வேணும். பாய்லர் மாத்தணும்" என்றார். என்ன அவசரம் என்று கேட்டதற்கு அவர் சொன்னது இது:

"மருமக பிள்ளை பெத்து நாப்பது நாள்தான் ஆகுது. காலையில குளிக்கப் போனா. பாய்லர்ல தணல் இருந்துச்சு. பச்சை உடம்புக்காரி, காத்து படக்கூடாதுன்னு நானேதான் ஜன்னல்ல சாக்கைக் கட்டிவிட்டேன். கதவையும் சாத்திக்கிட்டா. கொஞ்ச நேரத்துல தொப்புனு சத்தம். கதவை ஒடைச்சு வெளிய இழுத்துப் போட்டோம். முகத்துல காத்து பட்டதும்தான் கண்ணத் தொறந்தா. நல்லது பண்றேன்னு நெனச்சு நானே கொல்லப் பாத்திருக்கேன் மேடம்."

கூட்டம் கொஞ்ச நேரம் அமைதியாகிவிட்டது. அந்தச் செம்பு பாய்லர் அவருடைய அம்மா வீட்டுச் சீர். அடியில் ஒழுகவும் ஆரம்பித்திருந்தது. இனி அதைப் பற்றவைக்கப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டார். குளியலறையோ நான்கு அடிக்கு மூன்றரை அடி. பாய்லர் மட்டுமே ஒன்றரை அடி இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது.

இன்னொரு உறுப்பினர், "கேஸ் கீசர் வாங்குங்க அக்கா. சின்னதா இருக்கும், சுவத்துல மாட்டிக்கலாம், கரண்ட் பில்லும் ஏறாது. கடையில நாலாயிரத்து ஐநூறுதான்" என்றார். எல்லோருக்கும் அது சரியென்று பட்டது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் சரியென்றுதான் பட்டது. தீர்மானப் புத்தகத்தைத் திறந்துவிட்டார்கள். அப்போதுதான் குழுவின் ஊக்குநர் கேட்டார்: "மேடம், அந்தப் பொண்ணு தணல்னாலதானே மயங்கி விழுந்துச்சு? கேஸும் நெருப்புதானே?"

எனக்குப் பதில் வரவில்லை. "அடுத்த கூட்டம் வரைக்கும் நேரம் கொடுங்க, விசாரிச்சிட்டு வர்றேன்" என்றேன். அதுவரை வெளியே அடுப்பு மூட்டித் தண்ணீர் காய்ச்சிக்கொள்வதாக அந்த அக்கா சொன்னார். அந்த ஒரு மாதத்தில் உரிமம் உள்ள வயர்மேன், பிளம்பர், கடைக்காரர்கள் என்று பலரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதும், குழுவாக உட்கார்ந்து கணக்குப் போட்டதும்தான் இந்தப் பாடம்.

மயக்கம் ஏன் வந்தது?

விறகு, கரி, மண்ணெண்ணெய், சமையல் கேஸ் எது எரிந்தாலும் அதற்குக் காற்றிலுள்ள பிராணவாயு வேண்டும். மூடிய சின்ன அறையில் பிராணவாயு குறையக் குறைய நெருப்பு சரியாக எரியாது. அப்போது கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு உண்டாகும். இதற்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது. புகை தெரியாத தணலில் இருந்தும் இது வரும். "புகைதான் போயிடுச்சே" என்று நாம் நினைக்கும் நேரம்தான் ஆபத்தான நேரம்.

இந்த வாயு நம் ரத்தத்தில் பிராணவாயு ஏற வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். முதலில் தலைவலி, தலைசுற்றல், குமட்டல் வரும். பிறகு கை கால் சொன்ன பேச்சு கேட்காது. கதவைத் திறக்க வேண்டும் என்று தெரிந்தாலும் எழுந்திருக்க முடியாது. குளிருக்குக் கரி அடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கியவர்கள் காலையில் எழவில்லை என்ற செய்தி பனிக்காலத்தில் மலை ஊர்களில் இருந்து வருவதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். காரணம் இதே வாயுதான்.

யாராவது இப்படி விழுந்தால் முதலில் கதவு, ஜன்னலைத் திறந்து அவரை வெளிக்காற்றுக்குக் கொண்டு வாருங்கள். நெருப்பை அணையுங்கள். 108-க்குப் போன் செய்யுங்கள். கண் விழித்துவிட்டாலும் ஆஸ்பத்திரியில் காட்டியே ஆக வேண்டும்.

ஊக்குநர் கேட்ட கேள்விக்கும் பதில் இதுதான். கேஸ் கீசருக்குள்ளும் நெருப்பு எரிகிறது. அதைக் குளியலறைக்குள் மாட்டினால் பழைய ஆபத்து புது வடிவில் வரும். "ஜன்னலைத் திறந்து வச்சா போதாதா?" என்று ஒருவர் கேட்டார். டிசம்பர் மாதக் குளிரில் நம்மில் யார் ஜன்னலைத் திறந்து வைத்துக் குளிப்போம்? சொல்லுங்கள்!

கடைக்குப் போகும் முன் நான்கு கேள்விகள்

கடைக்காரரிடம் "சின்னதா ஒரு கீசர் காட்டுங்க" என்று கேட்டால் அவரிடம் இருப்பதைக் காட்டுவார். நம் வீட்டுக்கு எது பொருந்தும் என்பது நமக்குத்தான் தெரியும். முதலில் இந்த நான்கையும் பாருங்கள்.

1. இடம் எவ்வளவு?

தையல் டேப்பை எடுத்து சுவரின் அகலம், உயரம், கதவு திறக்கும் பக்கம் எல்லாவற்றையும் அளந்து எழுதுங்கள். கீசரின் அளவோடு நிறுத்தக் கூடாது. அதற்குக் கீழே பைப்பும் வால்வும் வர அரை அடி, மேலேயும் பக்கத்திலும் ரிப்பேர்காரர் கை நுழைய இடம் வேண்டும். குளிக்கும்போது தலை இடிக்கக் கூடாது, தண்ணீர் தெறிக்கவும் கூடாது.

ஒரு சுலபமான வழி உண்டு. கடையில் கீசரின் அளவைக் கேட்டுக்கொண்டு, அதே அளவில் ஒரு அட்டைப் பெட்டியைத் தயார் செய்து, நினைத்த இடத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ள இன்னொருவர் உள்ளே போய் உட்கார்ந்து, எழுந்து பாருங்கள். அந்த அக்கா வீட்டில் இப்படிச் செய்தபோது பெட்டி சரியாக அவர் நெற்றியில் இடித்தது! கூரையோ ஆறரை அடி உயரமுள்ள சிமெண்ட் ஷீட்.

சுவரையும் பாருங்கள். 15 லிட்டர் கீசர் தண்ணீரோடு சேர்ந்து சுமார் 25 கிலோ கனம் வரும். செங்கல் சுவர் தாங்கும். ஷீட் தடுப்பும், இற்றுப்போன மண் சுவரும் தாங்காது.

நின்ற வாக்கில் மாட்டும் கீசர் வேறு, படுத்த வாக்கில் மாட்டும் கீசர் வேறு. உயரம் குறைந்த இடத்துக்குப் படுக்கை வகை என்றே கேட்டு வாங்க வேண்டும். நின்ற வகையை வாங்கிப் படுக்க வைக்கக் கூடாது.

2. தண்ணீர் எப்படி வருகிறது?

இதைப் பலரும் மறந்துவிடுகிறோம். கீசர் வேலை செய்ய மேல்நிலைத் தொட்டியில் இருந்து பைப்பில் தண்ணீர் வர வேண்டும். தொட்டியின் அடி கீசரின் தலையைவிட உயரத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கீசர் முழுதாக நிறையாது. தண்ணீர் இல்லாமல் காய்ந்தால் உள்ளே இருக்கும் காயில் எரிந்துபோகும். தெருக்குழாயில் பிடித்துக் குடத்தில் ஊற்றிக் குளிக்கும் வீட்டுக்குக் கீசர் சரிவராது. முதலில் தொட்டிக்கு வழி செய்ய வேண்டும்.

தண்ணீரின் தன்மையையும் பாருங்கள். சோற்றுப் பானையில் வெள்ளையாக உப்புப் படிகிற தண்ணீர் என்றால் கீசர் காயிலிலும் படியும். படிந்தால் சூடேற நேரமாகும், காயிலும் சீக்கிரம் போகும்.

3. கரண்ட் தாங்குமா?

3000 வாட் கீசர் சுமார் 13 ஆம்பியர் இழுக்கும். 2000 வாட் கீசர் 9 ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவாக இழுக்கும். டி.வி., மிக்ஸி போடும் சின்ன பிளக்கில் இரண்டையுமே போடக் கூடாது. குடிசை இணைப்பு உள்ள வீடுகளில் கீசர் போட முடியாது. உங்கள் இணைப்புக்கு எவ்வளவு லோடு அனுமதி என்று மின்வாரிய அலுவலகத்தில் கேளுங்கள்.

4. எத்தனை பேர், எந்த நேரம்?

நாலு பேரும் காலை ஆறரைக்கும் ஏழரைக்கும் நடுவில் குளிக்க வேண்டுமா, விட்டு விட்டுக் குளிக்கலாமா? கைக்குழந்தை, வயதானவர் உண்டா? இதை வைத்துத்தான் லிட்டர் அளவு.

என்னென்ன வகைகள் உண்டு?

வாட்டர் ஹீட்டர் ராடு: விலை குறைவு, இடமே வேண்டாம். ஆனால் கரண்டும் தண்ணீரும் நேராகச் சேரும் இடம் இது. 1500 வாட் ராடு 15 லிட்டர் வாளியை 26 டிகிரி சூடேற்ற 18 நிமிடம் எடுக்கும். இரும்பு வாளி, எவர்சில்வர் அண்டாவில் போடவே கூடாது. பிளாஸ்டிக் வாளியில், ராடில் உள்ள கோடு வரை தண்ணீர் இருக்க வேண்டும். சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிய பிறகுதான் தண்ணீரில் கை வைக்க வேண்டும். சின்னப் பிள்ளைகள் ஓடியாடும் வீட்டுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

இன்ஸ்டன்ட் கீசர்: 1 லிட்டர் அல்லது 3 லிட்டர். ஒரு முழ உயரம்தான் இருக்கும். பெரும்பாலும் 3000 வாட். தண்ணீர் ஓட ஓடச் சூடாக்கித் தரும். சமவெளி ஊர்களில் இது நன்றாக வேலை செய்கிறது. மலையில் ஏன் மெதுவாக வருகிறது என்பதைக் கணக்கில் பார்ப்போம்.

சேமிப்புக் கீசர்: 6, 10, 15, 25 லிட்டர் என்று வரும். பெரும்பாலும் 2000 வாட். முதலிலேயே சூடாக்கி, உள்ளே வைத்திருந்து தரும். இப்போது சதுர வடிவிலும் கிடைக்கிறது. சுவரோடு ஒட்டி நிற்பதால் சின்ன இடத்துக்கு வசதி.

கேஸ் கீசர்: இதில் "6 லிட்டர்" என்று போட்டிருந்தால் ஆறு லிட்டர் பிடிக்கும் என்று அர்த்தம் இல்லை, நிமிடத்துக்கு ஆறு லிட்டர் தரும் என்று அர்த்தம். வேகமாகத் தரும், உண்மைதான். ஆனால் நல்ல காற்றோட்டம் உள்ள வெளியிடத்தில் மாட்டி, வெந்நீர் பைப்பை மட்டும் குளியலறைக்குள் கொண்டுவர முடிந்தால்தான் யோசிக்கலாம். குளியலறைக்குள்ளும், மூடிய சமையலறைக்குள்ளும் வேண்டவே வேண்டாம்.

சோலார்: கரண்ட் செலவு மிச்சம். ஆனால் வெயில் படும் உறுதியான மொட்டை மாடி வேண்டும். ஷீட் கூரை தாங்காது. மழையும் மேகமுமாக இருக்கும் மாதங்களில் வேறு ஏற்பாடும் தேவைப்படும்.

புதுச் செம்பு பாய்லர்: முற்றத்திலோ, திறந்த தாழ்வாரத்திலோ வைக்க இடம் உள்ளவர்களுக்கு இது இன்றும் நல்ல பொருள்தான். மேலே பச்சைத் தண்ணீர் ஊற்றினால் அது அடிக்குப் போய், சூடான தண்ணீரைத் தள்ளிவிடும். கரண்ட் வேண்டாம், தொட்டியும் வேண்டாம். நிபந்தனை ஒன்றுதான், நெருப்பு வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். விறகுக்காகக் காட்டெருமையும் கரடியும் நடமாடும் பாதையில் நாம் நடக்கும் நடையையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஒரு சின்னச் சூத்திரம்: தண்ணீரின் லிட்டரை, கூட்ட வேண்டிய டிகிரியால் பெருக்கி, 860-ஆல் வகுத்தால் எத்தனை யூனிட் கரண்ட் என்று தெரியும்.

நம் மலையில் பனிக்காலக் காலையில் தொட்டித் தண்ணீர் 14 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். குளிக்க 40 டிகிரி வேண்டும். 26 டிகிரி கூட்ட வேண்டும். 15 லிட்டர் வாளிக்கு 15 பெருக்கல் 26, வகுத்தல் 860. ஏறக்குறைய 0.45 யூனிட். கீழே சமவெளியில் தொட்டித் தண்ணீர் 26 டிகிரி இருந்தால் 14 டிகிரி கூட்டினால் போதும். அதே வாளிக்கு 0.25 யூனிட்டுக்கும் குறைவு.

இதிலிருந்து மூன்று விஷயம் தெரிகிறது.

முதலாவது: "சின்ன கீசர் வாங்கினா கரண்ட் மிச்சம்" என்பதும், "3000 வாட்னா பில்லு எகிறிடும்" என்பதும் இரண்டுமே தப்பு. ஒரு வாளி வெந்நீருக்கு எந்தக் கீசரிலும் ஏறக்குறைய ஒரே அளவு கரண்ட்தான் ஆகும். 3000 வாட் வேகமாக இழுத்துச் சீக்கிரம் முடிக்கும். 2000 வாட் மெதுவாக இழுத்து நேரம் எடுக்கும். பில்லைக் கூட்டுவது நாம் செலவழிக்கும் வெந்நீரும், அணைக்காமல் விடும் சுவிட்சும்தான்.

இரண்டாவது: இன்ஸ்டன்ட் கீசர் 3000 வாட்டில் ஒரு வாளி நிரப்ப, சமவெளியில் 5 நிமிடம் போதும். நம் மலையில் சுமார் 9 நிமிடம் ஆகும். காலையில் எல்லா வீட்டிலும் கரண்ட் இழுத்து வோல்டேஜ் 230-லிருந்து 180-க்கு இறங்கினால், அந்த 3000 வாட் சாதனம் 1800 வாட் அளவுக்குத்தான் வேலை செய்யும். வாளி நிறைய 15 நிமிடம் ஆகிவிடும். கோயம்புத்தூரில் இருக்கும் நாத்தனார் வீட்டில் நன்றாக வருகிறது என்று நம்பி வாங்கினால் இங்கே ஏமாந்துபோவோம்.

மூன்றாவது: நாலு பேர் தினமும் ஒரு வாளி என்றால் நாளுக்கு 1.8 யூனிட். இரண்டு மாதத்துக்கு 108 யூனிட். நம் மாநிலத்தில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் 2016-ஆம் ஆண்டு முதல் இலவசம். பனிக்காலத்தில் வெந்நீர் மட்டுமே அந்த நூறைத் தாண்டிவிடும். விளக்கு, மிக்ஸி, டி.வி. எல்லாம் அதற்கு மேல்தான். யூனிட் ஏற ஏற ஒரு யூனிட்டின் விலையும் ஏறும். ஆகவே கடன் தவணையோடு கூடுதல் கரண்ட் பில்லையும் சேர்த்துத்தான் "கட்ட முடியுமா" என்று யோசிக்க வேண்டும்.

எர்த் இல்லாமல் கீசர் வேண்டாம்

இதை எல்லோரும் ஒருமுறை சத்தமாகப் படியுங்கள். ஈரத்தில், வெறுங்காலில், தண்ணீரைத் தொட்டுக்கொண்டு நிற்கும் இடம் குளியலறை. கீசர் காயில் ஓட்டையாகிக் கரண்ட் கசிந்தால் அது தண்ணீர் வழியாக நம் மேல் பாயும்.

இதற்கு இரண்டு காவல் வேண்டும். ஒன்று, நல்ல எர்த். பிளக்கில் மூன்றாவது ஓட்டை இருப்பதாலேயே எர்த் இருக்கிறது என்று நம்பாதீர்கள். பின்னால் வயரே இல்லாமல் இருக்கலாம். வயர்மேனைச் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். தண்ணீர் பைப்பில் எர்த் வயரைக் கட்டுவது தப்பு. இரண்டு, கரண்ட் கசிந்தால் நொடிக்குள் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்ற சுவிட்ச். 30 மில்லி ஆம்பியர் வகை என்று கேளுங்கள். அதில் ஒரு டெஸ்ட் பட்டன் இருக்கும். அழுத்தினால் டக்கென்று விழ வேண்டும். மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

கீசருக்கென்று தனி வயர், 16 ஆம்பியர் பிளக், தனி எம்.சி.பி. வேண்டும். சுவிட்ச் குளியலறைக்கு வெளியே இருக்கட்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது. வேலையை உரிமம் உள்ள வயர்மேனிடம் கொடுங்கள். "என் தம்பி போட்டுத் தருவான்" என்பது இந்த வேலைக்கு ஆகாது.

கடையில் கேட்க வேண்டியவை

* ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா? சேமிப்புக் கீசரில் ஐ.எஸ். 2082 என்றும், இன்ஸ்டன்ட் கீசரில் ஐ.எஸ். 8978 என்றும் எண் இருக்கும்.
* சேமிப்புக் கீசரில் ஸ்டார் ஒட்டு எத்தனை? ஸ்டார் கூடக் கூட உள்ளே இருக்கும் சூடு வீணாகாமல் நிற்கும்.
* சூடு எல்லை மீறினால் தானே அணையும் கட்-அவுட்டும், பிரஷர் கூடினால் திறக்கும் சேஃப்டி வால்வும் உண்டா?
* தொட்டிக்கு எத்தனை வருடம், காயிலுக்கு எத்தனை வருடம் வாரண்டி? உப்புத் தண்ணீருக்கு வாரண்டி செல்லுமா?
* உள்தொட்டி கண்ணாடிப் பூச்சு உள்ளதா? அப்படியானால் அதில் ஒரு மக்னீசியக் கம்பி இருக்கும். தொட்டி அரிக்காமல் தானே கரைந்து காக்கும் கம்பி அது. எப்போது மாற்ற வேண்டும் என்று கேட்டு எழுதி வையுங்கள்.
* பொருத்துவதற்குத் தனிக் காசா? பைப், வால்வு எல்லாம் சேர்த்தா?
* நம் ஊருக்கு ரிப்பேர் பார்க்க ஆள் வருவாரா? மலைக்கு மேலே வர மாட்டார் என்றால் வாரண்டி வெறும் காகிதம்தான்.

ரசீது கட்டாயம் வாங்குங்கள். வாரண்டி அட்டையில் கடை முத்திரையும் தேதியும் போட வையுங்கள். பொருள் பழுதாகி, கடைக்காரர் தட்டிக்கழித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசலாம். மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலும் புகார் செய்யலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான புகாருக்குக் கட்டணம் இல்லை. ஆனால் ரசீது இல்லாமல் நம் பேச்சு எடுபடாது.

அந்த அக்கா வீட்டில் என்ன முடிவு செய்தோம்?

அடுத்த கூட்டத்துக்கு முன்பே ஊக்குநர், பிரதிநிதி, நான் மூவரும் வயர்மேனோடு அந்த வீட்டுக்குப் போனோம். குளியலறைக்குள் எந்தச் சுவரிலும் பெட்டி பொருந்தவில்லை. ஒரு பக்கம் ஷீட், ஒரு பக்கம் கதவு. எல்லோரும் யோசித்துக்கொண்டு நிற்கும்போது மருமகள்தான் கேட்டாள்: "அத்தை, கீசர் உள்ளதான் இருக்கணுமா? இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம் நம்ம சமையக்கட்டுதானே?"

வயர்மேன் சிரித்துவிட்டார். "பாப்பா சொல்றதுதான் சரி. செங்கல் சுவரு, ஈரமும் படாது" என்றார். அப்படியே முடிவானது. சமையலறைப் பக்கம், அடுப்பிலிருந்து தள்ளி, 10 லிட்டர் சதுரச் சேமிப்புக் கீசர். தலை ஆறரை அடி உயரத்தில். பின்னால் ஸ்டாண்டில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியின் அடி ஏழரை அடி உயரத்தில். சுவரைத் துளைத்து வெந்நீர் பைப் மட்டும் குளியலறைக்குள் போகிறது. சூடு தாங்கும் சி.பி.வி.சி. பைப் போட்டார்கள். சாதாரண பி.வி.சி. பைப் வெந்நீரில் இளகிவிடும். வால்விலிருந்து சொட்டும் தண்ணீரை ஒரு டியூப் வைத்து வெளியே விட்டார்கள். அதை அடைக்கக் கூடாது.

ஏன் 10 லிட்டர்? அந்த வீட்டில் காலையில் வோல்டேஜ் குறைவு. பழைய சர்வீஸ் வயர் 3000 வாட்டைத் தாங்காது என்று வயர்மேன் சொன்னார். 10 லிட்டரை 60 டிகிரிக்குச் சூடாக்கிப் பச்சைத் தண்ணீர் கலந்தால் ஒருவருக்கு ஒரு வாளி தாராளம். அடுத்த வாளிக்கு நல்ல வோல்டேஜில் கால் மணி நேரம், வோல்டேஜ் குறைந்தால் அரை மணி நேரம் வரை ஆகும். அதற்கேற்ப யார் முதலில், யார் பிறகு என்று அவர்களே முறை வைத்துக்கொண்டார்கள்.

செலவுக் கணக்கு இது. கீசர் 5,900 ரூபாய். வயர், பிளக், எம்.சி.பி., ஆர்.சி.சி.பி., எர்த், கூலி 4,300. பைப் வேலை 1,200. மொத்தம் 11,400. கீசர் விலையை மட்டும் பார்த்துக் கடன் கேட்டால் பாதியில் நிற்போம் என்பதற்கு இது பாடம்.

பழைய பாய்லரை விற்பதற்கு அந்த அக்காவுக்கு மனசே வரவில்லை. "எங்கம்மா குடுத்தது" என்று இரண்டு நாள் துடைத்துத் துடைத்து வைத்தார். பிறகு, "அம்மா இருந்தாலும் பேத்தி உசுருதான் முக்கியம்னு சொல்லியிருக்கும்" என்று அவரே எடுத்து வந்தார். கடைக்குப் போகும் முன் வேறு ஒரு தராசில் எடை போட்டுக்கொண்டார். ஏழு கிலோ இருந்தது. மூன்று கடையில் விலை கேட்டு 4,200 ரூபாய்க்கு விற்றார். மீதி வேண்டியது 7,200. ஒன்பதாயிரம் கேட்டவர் 7,200 மட்டும் வாங்கினார். மாதம் 600 வீதம் 12 தவணை. வட்டி நூற்றுக்கு ஒரு ரூபாய், குறையும் அசலுக்கு மட்டும்.

வாங்கிய பிறகு மறக்கக் கூடாதவை

வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு வெந்நீர். 60 டிகிரித் தண்ணீர் குழந்தையின் தோலைச் சில நொடிகளில் வேகவைத்துவிடும். குழந்தைக்கு ஊற்றும் முன் உங்கள் முழங்கையை விட்டுப் பாருங்கள். குளிக்கக் கால் மணி நேரம் முன்பு போட்டு, குளிக்கப் போகும் முன் சுவிட்சை அணையுங்கள். தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்த பிறகே போடுங்கள். தொட்டால் சுர்ரென்று இருந்தாலோ, எம்.சி.பி. அடிக்கடி விழுந்தாலோ அதை மறுபடி மறுபடி தூக்கிவிடாமல் வயர்மேனைக் கூப்பிடுங்கள். வருடம் ஒருமுறை உப்பு எடுத்துச் சுத்தம் செய்யுங்கள்.

போன வாரம் அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். பாய்லர் இருந்த ஒன்றரை அடி இடம் காலியாக இருந்தது. அந்த அக்கா சுவரோரம் உட்கார்ந்து இரண்டு காலையும் நீட்டி, காலில் பேரனைப் படுக்க வைத்துக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். "முன்னாடி காலை மடக்கிக்கிட்டு அரைகுறையா ஊத்துவேன் மேடம். இப்பதான் இடம் கெடச்சிருக்கு" என்றார். ஜன்னலில் சாக்கு இல்லை.

குழுக் கூட்டத்தில் கலந்து பேச:

1. நம் குழுவில் எத்தனை வீட்டில் குளியலறைக்குள் நெருப்பு எரிகிறது? அந்த வீடுகளில் ஜன்னல் திறக்குமா?
2. நம் வீட்டில் எர்த் இருக்கிறதா? கடைசியாக யார், எப்போது சோதித்தார்கள்?
3. ஒரே வயர்மேனை அழைத்து, குழு உறுப்பினர்கள் வீடுகளை ஒரே நாளில் சோதிக்க எவ்வளவு செலவாகும்? ஆளுக்கு எவ்வளவு வரும்?
4. வீட்டுச் சாதனத்துக்குக் கடன் கொடுக்கும்போது, பொருளின் விலையோடு வயரிங் செலவையும் மாதாமாதம் கூடும் செலவையும் நம் குழு கேட்கிறதா?

பேசி முடித்ததைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். மூன்றாவது கேள்விக்கு உங்கள் குழு என்ன முடிவு செய்தது என்பதை அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்தில் வந்து சொல்லுங்கள்.